பார் இல்லாத இடம்

குவாரி முனையில் பார் கிடையாது என்று எனக்கு முதலில் சொன்னது யார் என்று ஞாபகம் இல்லை. எல்லாருமே சொன்னார்கள். கடலுக்குள் இறங்குகிற எங்களுக்குப் பார் என்றால் அடியில் கிடக்கும் பாறைத் திட்டு. பாசியும் பவளமும் பிடித்து, மீன் குடித்தனம் நடத்துகிற இடம். பார் இருந்தால்தான் பார்க்க ஏதாவது இருக்கும். சிலிண்டரை முதுகில் சுமந்து போய் வெறும் மணலைப் பார்த்துவிட்டு வர யாருக்கும் தலையெழுத்து இல்லை. அதனால் நானும் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல், கேட்டவர்களிடமெல்லாம் அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் இடம் பார்த்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. சுற்றிப்பார்க்க வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் வேலை. நானும் தம்பியும் நடத்துகிறோம். புது இடம் என்றால் நான் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொல்வேன்: போகலாம், அல்லது வேண்டாம். மழுப்புவது எனக்கு ஆகாது. ஒரு ஓட்டல் முதலாளி தன் ஓட்டலுக்கு எதிரே இருக்கும் ஆழமில்லாத கடலைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார். குளிக்க நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரு மூழ்கிய கப்பல். துறைமுக வாயிலுக்குப் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தது. புதிதாக இறங்குபவருக்கும் பயமில்லை, பழகியவருக்கும் அலுக்காது. போன மாதம் துறைமுகத்தை அகலப்படுத்த வந்தார்கள். மண் வாரும் கப்பல் ஒன்று வந்து நின்றது, நீர் கலங்கிக் குழம்பாகிவிட்டது, இனி யாரும் அந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. சீசன் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்த வாரம் ஒரு காலையில் தம்பி கம்ப்ரஸரை நிறுத்தினான். சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் அந்த இயந்திரம் ஓடும்போது எங்கள் கடையில் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டும். அது பாதியில் நின்றால் யாரோ முக்கியமாக ஏதோ சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த வெல்டிங் கம்பெனியில கூப்பிடறாங்க."

துறைமுகத் தூண்களையும் கப்பலின் அடிப்பாகத்தையும் தண்ணீருக்குள்ளேயே வைத்து வெல்டிங் செய்கிற கம்பெனி அது. பயிற்சியும் அவர்களே கொடுப்பார்கள். விமானத்தில் போக வேண்டிய தூரம். அவன் எப்போதோ விண்ணப்பம் போட்டதாகச் சொன்னபோது நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இவனை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்." ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "கப்பலும் போயிடுச்சு. காட்டறதுக்கு இடமே இல்லாம ரெண்டு பேரும் உக்காந்து எதுக்கு ஈ ஓட்டணும்? அதான் பார்க்கறேன்."

"இடம் கிடைச்சா?"

"கிடைச்சா இருக்கேன். உன்னைத் தனியா விட்டுட்டு எங்க போறது? ஆனா நிஜமா நல்ல இடமா இருக்கணும்கா. நான் இருக்கணும்கறதுக்காகப் போகலாம்னு சொல்லிடாத. நீ சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும்."

அவன் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே எங்கள் அம்மா போய்விட்டாள். அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, அடித்து, கொஞ்சி வளர்த்தது நான்தான். நீச்சலும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவன் இல்லாத கடையை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டு நானே கம்ப்ரஸரைப் போட்டேன்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எங்கள் படகில் ஏறப் போகிறவர்கள் குமட்டல் மாத்திரை வாங்குவது அவரிடம்தான். அவருக்கே கடலைப் படத்தில் பார்த்தாலும் தலை சுற்றும்.

"அப்போ நீ போகலாம்னு சொன்னா அவன் போகமாட்டான். வேண்டாம்னு சொன்னா போயிடுவான்" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "நல்லாருக்கு உங்க கணக்கு."

"கிண்டல் பண்ணாம சாப்பிடுங்க."

"நான் எங்க கிண்டல் பண்ணேன்? புரியாம கேட்டேன்."

மறுநாளிலிருந்து நாயாய் அலைந்தேன். தெரிந்த இடமெல்லாம் மனதில் ஓடியது. ஒன்று தூரம், ஒன்றில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும், ஒன்றில் சாக்கடை வந்து விழுகிறது. குவாரி முனை நினைவுக்கே வரவில்லை. அதை நினைவுபடுத்தியது வலைக்காரம்மா.

வலைக்காரம்மா எங்கள் கடைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரி செய்பவர். கால் கட்டை விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்கும் கைக்கும் ஒரே வேகத்தில் வேலை கொடுப்பார். அன்றைக்கு அவர் மடியில் கிடந்த வலை கந்தலாக இருந்தது.

"என்னம்மா இது, எலி கடிச்ச மாதிரி?"

"எலி எங்க கடிச்சுது. புத்தி இல்லாம குவாரி முனையில கொண்டுபோய் விட்டிருக்கான். அங்க விட்டா இப்படித்தான் வரும். சொன்னா கேக்கறானா?"

நான் கடைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு ஏதோ உறுத்தியது. குனிந்து வலையின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இழைகள் தேய்ந்து அறுந்திருந்தன. ஒரு முடிச்சில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குச்சி சிக்கியிருந்தது, விரல் நீளம். கடல்விசிறியின் காம்பு. விசிறி போல விரிந்து நிற்கும் அந்த உயிர் பாறையில் வேர் பிடித்துத்தான் வளரும். மணலில் நிற்கவே நிற்காது.

வெறும் மணல் வலையைக் கிழிக்குமா? கிழிக்கும் என்றால் எந்த ஊர் மணல் அது?

அந்தக் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டேன். ஐஸ் கடைக்காரர், "பார் இல்லன்னு அவங்க சொல்வாங்க" என்று பக்கத்துப் படகுக்காரரைக் காட்டினார். படகுக்காரர், "எனக்கு இவர்தான் சொன்னார்" என்று இன்னொரு கடையின் பயிற்சியாளரைக் காட்டினார். பயிற்சியாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒருவர்கூட அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. முதலில் சொன்னது யார் என்று துருவியபோது, கடைசியில் எல்லார் விரலும் ஒரே ஆளைக் காட்டியது: மீசை.

மீசை ஒரு காலத்தில் எங்கள் தொழிலில் பெரிய ஆள். காது கெட்டுப் போய்க் கடலை விட்டு, இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை வைத்திருக்கிறார். மீசையையும் எடுத்துவிட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் போனபோது ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குவாரி முனையில பார் இல்லன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

"ஆமா, நான்தான் சொன்னேன்." தலையைத் தூக்கவில்லை. "அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. எப்படிம்மா இருக்கும்? சுத்துவட்டாரத்துல ஒரு பொட்டிக்கடைகூடக் கிடையாதே."

எனக்குப் புரியவில்லை. "பொட்டிக்கடைக்கும் பாருக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"கடையே இல்லாத இடத்துல பார் எப்படி நடத்துவான்? அலையிலயா ஊத்திக் குடுப்பான்?"

என் முகத்தில் ஈயாடியிருக்காது. அவர் மெதுவாக டியூபைத் தொட்டியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீ எந்தப் பாரைக் கேக்கற?"

"கல்லு, பாசி, மீனு இருக்கற பாரைக் கேக்கறேன்."

"அடக் கடவுளே" என்று மீசை கவிழ்த்திருந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஒரு தடவை ஒரு கூட்டத்தை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தண்ணீரிலிருந்து ஏறியதும் ஆளுக்கொரு கிளாஸ் கையில் இல்லாவிட்டால் சண்டைக்கு வரும் கூட்டம். கரை ஒதுங்கினால் வெயிலும் கல்லும்தான். அன்று முழுக்க அவர் உயிரை வாங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்து படகைக் கட்டும்போது யாரோ, எப்படிண்ணே இடம் என்று கேட்டார்களாம். "எல்லாம் அருமையா இருக்கு, பார்தான் இல்ல" என்றாராம். அந்த வருடமே காது போய்க் கடலை விட்டதால் அப்புறம் யாரும் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அருமைன்னு சொன்னேனேம்மா" என்றார் பரிதாபமாக.

"அதை எவனும் காதுல வாங்கலண்ணே."

"உள்ள என்ன பார்த்தேன்னு கேக்கறியா? ஏதோ படிக்கட்டு மாதிரி இருந்துது. ஒரு பெரிய இரும்பு கிடந்துது. எனக்கு மீனைப் பார்க்க எங்க விட்டானுங்க." அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க டயர் ஆடியது. எனக்கும் அடக்க முடியவில்லை. கடல்காரன் கேட்டால் கல், கடைக்காரன் கேட்டால் கிளாஸ். இந்த ஒரு சொல்லால் இத்தனை வருடமாக ஒரு ஊரே ஒரு பாறைத் திட்டைக் கைகழுவிவிட்டது. அதில் நானும் சேர்த்தி.

கடைக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மீசை மாதிரியே "பார்தான் இல்ல" என்று சொல்லிக் காட்டச் சொன்னான். இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பார் இருக்குங்கற" என்றான்.

"இருக்கலாம்."

"ம்" என்றான். அவ்வளவுதான். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கால் தரையில் பாவவில்லை.

காற்று தணிந்த ஒரு காலையில் கிளம்பினோம். படகு ஓட்டியது நங்கூரம் அண்ணன். ஓரிடத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். மீசையின் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. "எதுக்கும் ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்திருக்கலாம், ரெண்டு பாரும் இருந்திருக்கும்" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

குவாரி முனை தூரத்திலிருந்து பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. பாதி வெட்டிய மலை, அதன் காலடியில் உடைந்த இறங்குதுறை, அதற்கு நிழல் தரக்கூட ஒரு செடி இல்லை. நங்கூரத்தைப் போட்டு, கயிறு இறுகும்வரை காத்திருந்தேன். ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போட்டு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்தேன். அசையவே மனமில்லாமல் கிடந்தது. முதல் கேள்விக்கு நல்ல பதில்.

இடம் பார்க்க இறங்கும்போது நான் மீனைப் பார்க்க மாட்டேன். பயந்துபோன ஒரு ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால் எங்கே நிறுத்துவேன், எதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், காற்று குறைந்தால் எந்தப் பக்கம் திரும்புவேன் என்றுதான் கண் போகும். அன்றைக்கும் அப்படித்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மேலே தண்ணீர் கொஞ்சம் பச்சையாக இருந்தது. ஆள் உயரம் இரண்டு மூன்று தாண்டியதும் திரை விலகிய மாதிரி தெளிந்தது.

படிக்கட்டு என்று மீசை சொன்னது பொய்யில்லை. குவாரிக்காரர்கள் கல் வெட்டிய மலையே கடலுக்குள்ளும் இறங்கியிருந்தது, தட்டுத் தட்டாக. முதல் தட்டு ஒரு கூடம் அளவுக்கு அகலம். அதில் மணல் விரித்திருந்தது. புதிதாக வருகிறவர்களை மண்டியிட வைத்து மூச்சு விடப் பழக்க இதைவிட இடம் கிடைக்காது. அடுத்த தட்டின் ஓரம் முழுக்கக் கடல்விசிறிகள், என் சட்டைப் பையில் இருந்த குச்சியின் அதே நிறத்தில், ஒன்றன் பின் ஒன்றாக நீரோட்டத்துக்கு முகம் காட்டி நின்றன. அவற்றுக்கு நடுவில் கிளிமீன்கள் பாறையைக் கடித்துத் தின்னும் சத்தம் காதில் நொறுநொறுவென்று கேட்டது.

அதற்கு மேல் என்னால் கண்ணைக் கட்டிப்போட முடியவில்லை. ஒரு பொந்துக்கு வெளியே ஒரு கணவாய் மீன் மிதந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பழுப்பு நிறத்தை விட்டு வெளுத்தது. நான் அசையாமல் நின்றேன். உடம்பில் வரிவரியாகக் கோடு ஓடவிட்டது. கையை நீட்டினேன். அதுவும் முன்னால் இருக்கும் இரண்டு கைகளைத் தூக்கிக் காட்டியது. நீ யார், எங்கிருந்து வருகிறாய், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது போல இருந்தது. ரொம்ப நேரம் அதோடு நின்றுவிட்டேன். நான் ஒரு வேலையாக வந்தவள் என்பதே மறந்துவிட்டது.

தம்பி நினைவு வந்து திரும்பினேன். பக்கத்தில் இல்லை. இடம் பார்க்கும்போது ஒருவர் கண்ணில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்டளை. அவன் அதை மீறியதே கிடையாது. பதறிப் போய்ச் சுற்றிப் பார்த்தேன். கீழ்த் தட்டில் குமிழிகள் எழும்பிக்கொண்டிருந்தன.

அங்கே ஒரு பெரிய இரும்புத் தட்டுப்படகு கவிழ்ந்து கிடந்தது. கல் ஏற்றிப் போகும் வகை. அதைச் சுற்றிலும் மீன் கூட்டம் கூட்டமாக நின்றது. ஒரு திருக்கை மணலை உதறிக்கொண்டு அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே எழுந்து போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகின் அடிப்பக்கத்தில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு இரும்புத் தகடு இருந்தது. அதன் ஓரத்தில் ஓடிய வெல்டிங் தழும்பின் மேல் மெல்ல விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றியிருந்தான். கொஞ்ச தூரம் தடவிப் போவான், நிற்பான், திரும்ப வந்து அதே இடத்தைத் தடவுவான். கத்தியின் முனையால் பாசியைச் சுரண்டி, கண்ணாடி இரும்பில் இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான்.

நான் மேலே தட்டின் விளிம்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கடலுக்கடியில் எத்தனையோ தடவை அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வருகிறவர்களை எண்ணுவான், காற்றை விசாரிப்பான், மீனைச் சுட்டிக் காட்டுவான். பொறுப்பான முகம் அது. இப்படி ஒரு முகத்தை நான் அங்கே பார்த்ததே இல்லை. வேறு யாரோ ஒருவனுடைய தம்பியைப் பார்ப்பது போல எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

கத்தியால் என் சிலிண்டரைத் தட்டினேன். டங்கென்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தவன், அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு மேலே வந்தான். கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளையமாகச் சேர்த்து, எல்லாம் சரியா என்று கேட்டேன். சரி என்று வளையம் காட்டினான். காற்று மானியைக் காட்டச் சொன்னேன். என்னுடையதைவிட அவனுடையது குறைந்திருந்தது. ஏறுவோம் என்று கட்டை விரலைத் தூக்கினேன்.

படகில் ஏறி, சிலிண்டரைக் கழற்றி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். நங்கூரம் அண்ணன் சுடச்சுட டீ ஊற்றிக் கொடுத்தார். தம்பியே ஆரம்பித்தான்.

"சூப்பரா இருக்குக்கா. முதல் தட்டுல புதுசா வர்றவங்களை உக்கார வைக்கலாம். கடல்விசிறி ஒண்ணு போதும், ஃபோட்டோ எடுத்தே நாள் போயிடும். நீரோட்டமும் இல்ல. திருக்கை வேற இருக்கு."

"திருக்கையைப் பார்த்தியா?"

"ஓ, பார்த்தேனே."

"கீழ அந்த இரும்பு?"

"அது ஏதோ பழைய தட்டுப்படகு." டீயை ஊதினான். "பெருசா ஒண்ணும் இல்ல."

பாதி சிலிண்டர் காற்றைக் கரைத்த இடத்தைப் பற்றி அவ்வளவுதான் சொன்னான். டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் பொய் சொன்னதற்காக இல்லை. அவ்வளவு நன்றாக, எனக்கு ஒரு சின்னக் கீறல்கூடப் படாமல் சொன்னானே, அதற்காக. இவன் எத்தனை நாளாக இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறான், நான் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இடம் நல்ல இடம். அதில் சந்தேகமே இல்லை. இந்தச் சீசனுக்கு மட்டுமில்லை, இனி வரப்போகிற சீசனுக்கெல்லாம் போதும். ஒரே வார்த்தை சொன்னால் போதும், அவன் என்னோடு இருப்பான். சந்தோஷமாகவே இருப்பான், எனக்குத் தெரிகிற மாதிரி. அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு.

நங்கூரம் அண்ணன் அதிசயமாக எழுந்து நின்று, கயிற்றில் கை வைத்தார். "என்னம்மா, போகலாமா?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"போகலாம்" என்றேன்.

அண்ணன் நங்கூரத்தை இழுத்து உள்ளே போட்டு எஞ்சினை உசுப்பினார். தம்பி தலையை ஆட்டினான். சிரித்தான்.

"அப்ப சரிக்கா. கரைக்குப் போனதும் கம்பெனிக்கு ஃபோன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன். பலகையில பேர் எழுதணும். குவாரி முனைன்னா நல்லாவா இருக்கு, வேற ஏதாச்சும்..."

"நான் இடத்தைச் சொல்லலடா."

"பின்ன?"

"உன்னைச் சொன்னேன்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. கையில் இருந்த தம்ளர் அப்படியே நின்றது. எஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"நீ போகலாம்" என்றேன், உரக்க. "உன்னைத்தான் சொல்றேன். போ."

"இடம் நல்லா இல்லையாக்கா?"

"அருமையா இருக்கு. அதுக்கு என்ன? நான் காட்டிக்கறேன். ஆள் போட்டுக்கறேன். இல்லன்னா உங்க மாமாவுக்கு மாத்திரை குடுத்துக் கூட்டிட்டு வரேன்."

அவன் சிரிக்கவில்லை. "நான் போறேன்னு சொல்லவே இல்லையேக்கா."

"நீ எங்க சொல்ற? நீ சொல்ற ஆளா? தண்ணிக்குள்ள பார்த்தேன், தெரிஞ்சுது."

அவன் குனிந்துகொண்டான். துண்டை முகத்தில் வைத்து அழுத்தித் துடைத்தான், ரொம்ப நேரம். நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு வேலையும் இல்லாமல் என் மாஸ்க்கைத் துடைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை என்று சொன்னால் அது பொய். உப்புத் தண்ணீரில் ஊறிய முகத்தில் யாருக்குத் தெரியப் போகிறது.

முனையைச் சுற்றிப் படகு திரும்பியது. துண்டை இறக்கிவிட்டு, கடலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அந்த ஒட்டுத் தகடைப் பார்த்தியாக்கா?"

"பார்த்தேன். என்ன அது?"

"அதைக் கரையில ஏத்திப் போடல. தண்ணிக்குள்ள வச்சே போட்டிருக்கான். படகுக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு. இவ்ளோ நீளத்துக்கு ஒரு இடத்துலகூட கை நடுங்கல. யாரோ தெரியல, எப்படிப்பட்ட ஆளா இருப்பான்."

"தண்ணிக்குள்ள நெருப்பு எப்படிடா எரியும்?"

அவ்வளவுதான். எழுந்து வந்து எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும், சுற்றிக் குமிழி எப்படிக் கூடு கட்டும், கரண்ட் எங்கிருந்து வரும், எந்தப் பக்கம் நின்றால் உயிருக்கு ஆபத்து என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனான். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்கக் கேட்க இன்னும் வந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே கடையில் இருந்தும், இவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது.

தூரத்தில் துறைமுகத்தின் சுவர் தெரிய ஆரம்பித்தது. நான் நங்கூரம் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்றேன்.